கொப்பரைக் களத்தில் கொடுவா

இரணியலுக்கு வெளியே ஒரு கொப்பரைக் களத்தில் ஒரு நாள் நான் மீனாக இருந்திருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம் அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்த நான் எட்டு வருஷத்தில் பதினோரு வேலை பார்த்திருந்தேன். பன்னிரண்டாவதைக் கேட்டுக்கொண்டு அந்தக் களத்துக்குப் போனேன்.

களத்து முதலாளிக்கு ஒரு படகோட்டி வேண்டியிருந்தது. மணக்குடிக் காயலில் ஒரு துரை தூண்டில் கம்பும் ராட்டுமாக நின்று, ஆள் நீளக் கொடுவா மீனை இழுத்துப் போட்டதை அவர் எப்போதோ பார்த்துவிட்டார். தானும் அப்படி ஒன்றைப் பிடித்தே தீர வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த கிறுக்கு விடவில்லை. படகு வாங்கிவிட்டார். கம்பும் வாங்கிவிட்டார். தூண்டில் நூலைச் சுற்றுகிற ராட்டு மட்டும் பாக்கி. அது அமைந்தால் மழைக்காலம் முழுக்கப் படகோட்டிக்கு மூன்று நேரச் சாப்பாடும், படகுக் கொட்டகையில் படுக்க இடமும் உண்டு. முந்தின நான்கு நாளில் நான் இரண்டு தடவை மரச்சீனிக் கிழங்கு தின்றதுதான் சாப்பாடு. அதனால் எந்த ராட்டை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். எடுக்காமல் விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரைக்குச் சமைத்துப் போட்ட குசினிக்காரர் இரண்டு ராட்டுகளைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். துரை போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை. ஒன்று வெள்ளிபோல மின்னியது; திருகினால் கிர்ரென்று சத்தம் போட்டது. மற்றது கறுப்பு, விரலால் தட்டிவிட்டால் சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுற்றியது. ஒன்றைத்தான் தருவேன், எது என்று முதலாளியே சொல்லட்டும் என்றார்.

முதலாளி இரண்டையும் நகத்தால் தட்டினார். பிறகு காதருகே வைத்துக் குலுக்கினார். தேங்காயை அப்படித்தான் அவர் பொறுக்குவார். ராட்டுக்குள் தண்ணீர் இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை.

“எறிஞ்சு பாருங்க முதலாளி,” என்றார் குசினிக்காரர். “நூலு போகும்போ பெருவிரல லேசா மேல வச்சுக்கிடணும்.”

முதலாளி எறிந்தார். பெருவிரலை மறந்துவிட்டார். நூல் நுனியில் கட்டிய ஈயக்குண்டு பத்தடி தள்ளி விழுந்துவிட்டது. ராட்டு நிற்காமல் சுற்றியதில் நூலெல்லாம் காக்கைக் கூடுபோலப் பொங்கி நின்றது. சிக்கெடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. மற்றதை எறிந்தார். இன்னொரு கூடு. இன்னொரு மணி நேரம்.

“எறியதெல்லாம் வேண்டாம்வே. தூண்டில படகுல கொண்டு போட்டுக்கிடலாம். மீனு இழுத்தா எந்த ராட்டு தாங்கும்? அதச் சொல்லும்.”

“அதுக்கு மீனு வேணுமே?”

இருவரும் களத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்கள்.

என் இடுப்பில் துவர்த்தைக் கட்டி, அதில் நூலை முடிந்தார்கள். முதலில் வெள்ளி ராட்டு. ஓடினேன். இருபதடி போவதற்குள் மூச்சு வாங்கியது. முதலாளி பிடியைத் திருகத் திருக, நான் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தேன்.

“நேரே ஓடாதலே! மீனு வளைஞ்சுல்லா ஓடும்!”

“தலையக் குலுக்கு மக்கா,” என்றார் குசினிக்காரர். “கொடுவா தலையக் குலுக்கும்.”

குலுக்கினேன். கொப்பரை புரட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, “முதலாளி, இந்த மீனுல முள்ளு மட்டுந்தானே இருக்கு!” என்றாள். களமே சிரித்தது.

முதலாளிக்குத் திருப்தி இல்லை. “செத்த மீன இழுத்து என்னத்தக் கண்டேன்? இவனுக்குத் திங்க என்னமாம் குடுங்க.”

ஒரு சட்டி கஞ்சியும் துவையலும் வந்தன. கறுப்பு ராட்டுக்கு இது பெரிய அநியாயம். வெறும் வயிற்று மீனை வெள்ளி ராட்டு பிடித்திருந்தது. கஞ்சி குடித்த மீன் கறுப்புக்கு வாய்த்தது.   இந்த முறை நன்றாக ஓடினால் முதலாளிக்கு நம்பிக்கை வரும், வேலை கிடைக்கும் என்று நினைத்து, உயிரைக் கொடுத்து ஓடினேன். நூல் ஓட ஓட ராட்டின் பிடி எதிர்ப்பக்கமாகச் சுழன்று முதலாளியின் விரல் முட்டிகளை வரிசையாக அடித்தது. “அம்மோ!” என்று அவர் ராட்டைக் கெட்டியாகப் பிடித்தார். நூல் அறுந்தது. எனக்கு அது தெரியவில்லை. வேலியைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வாழைத்தோட்டத்தின் மறுகோடியில்தான் பின்னால் யாரும் இழுக்கவில்லை என்று உறைத்தது. திரும்பி நடந்து வந்தேன்.

நான் வந்து சேர்வதற்குள் முதலாளி கையில் ஈரத்துணி சுற்றியிருந்தார். முடிவும் எடுத்திருந்தார். “வெள்ளி மீனக் கொண்டுவந்துது. கறுப்பு விட்டுட்டுது. வெள்ளி போதும்.”

எனக்கு உயிர் வந்தது. “அப்பம் நான் என்னைக்குப் படகுக்கு வரணும் முதலாளி?”

“நீயா? நூலு அறுந்த ஒடனே நின்னியா? வேலி சாடிப் போனவன்லா நீ. நடுக்காயல்ல என்ன விட்டுட்டுப் போகமாட்டேன்னு என்ன நிச்சயம்?”

“நீங்கதானே மீனு மாதிரி ஓடச் சொன்னிய?”

“மீனுன்னா திரும்பி வருமாலே? நீ வந்தியே. மீனு வேலையும் ஒனக்கு ஒழுங்காத் தெரியல்ல.”

 

முதலாளி குசினிக்காரரைக் காட்டினார். “இவரப் பாரு. காலைல வந்தவரு, நின்ன எடத்துலயே நிக்காரு. இவருதான் படகுக்கு.”

“எனக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாதே முதலாளி,” என்றார் குசினிக்காரர்.

“படிச்சுக்கிடலாம்வே.”

துரை போனபின் அவருக்கும் வேலை இல்லை. அதனால் சரி என்று தலையாட்டினார். நான் துவர்த்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பின்னாலேயே வந்தார். களத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “மக்கா, துடுப்ப எந்தக் கை மேல வச்சுப் பிடிக்கணும்?” என்று கேட்டார்.

வழியில் கிடந்த தென்னை மட்டையை எடுத்துக் காட்டிக்கொடுத்தேன். இரண்டு தடவை தப்பாகப் பிடித்தார். மூன்றாவது தடவை சரியாக வந்தது. மட்டையை அவரிடமே விட்டுவிட்டு, அருமனைக்கு எந்த வழி என்று கேட்டுக்கொண்டு நடந்தேன். தோட்டத்தை வாங்கியவருக்கும் சமைக்க ஆள் வேண்டியிருக்கும்; அங்கே குசினிக்காரருடைய பழைய இடம் காலியாகத்தானே இருக்கும்.