பங்களாவின் முன்பக்கம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் பின்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். புகைக்கூண்டு, விறகுக் கொட்டில், துணி காயும் கம்பி எல்லாவற்றையும் தொழிலாளர்கள் நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றே பார்க்கலாம். முன்பக்கத்தைத்தான் எங்களில் யாரும் பார்த்ததில்லை. அதற்குத் தனி ரோடு, தனி கேட். லயத்து ஆட்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பார்க்காததைப் பற்றித்தான் கதையும் அதிகம். வெள்ளைக்காரர் காலத்துத் துரை ஒருவர், வட இந்தியாவில் ஏதோ ஒரு பாலைவன ஊரில் உத்தியோகம் பார்த்துவிட்டு இங்கே, இலங்கை மலைநாட்டுக்கு வந்தாராம். அந்த ஊரில் பார்த்த கல் மாளிகையை மறக்க முடியாமல், கல்தச்சர்களைக் கூட்டிவந்து அதே மாதிரி ஒன்றைச் செதுக்க வைத்தாராம். ஜன்னலுக்கு மரச்சட்டம் கிடையாது, கல்லிலேயே சல்லடை மாதிரி குடைந்த ஜாலி. பாலைவனத்தில் அதன் வழியாகக் காற்று வரும். எங்கள் ஊரில் மூடுபனியும் தூறலும் வந்தன. துரை மூன்றே வருஷத்தில் நெஞ்சுச்சளி பிடித்துக் கப்பலேறிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பாள் என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கொழுந்து பறிக்கிறவள். வீட்டில் அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பங்களாவை ஹோட்டலாக்கி, வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து தங்க ஆரம்பித்திருந்தார்கள்.

"வாசல்ல ரெண்டு கல்லானை நிக்குதாம்டி. எனக்குக் கல்யாணம் ஆகட்டும், மாப்பிள்ளையோட போயி அது பக்கத்துல நின்னு போட்டோ புடிக்கப் போறேன் பாரு" என்பாள். மாப்பிள்ளை யாரென்று தெரியாது. போட்டோ எடுக்கும் இடம் மட்டும் முடிவாகியிருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் பத்து மணித் தேத்தண்ணியை மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்று பங்களாவுக்குக் கீழே இருக்கும் மலையில் கொழுந்து. அத்தை போத்தலை வாங்கி வாயில் வைத்திருப்பாள், மேலே மரத்திலிருந்த குளவிக்கூட்டை ஒரு கழுகு கலைத்துவிட்டது.

"கொளவி! ஓடுங்க, ஓடுங்க!" என்று கங்காணி கத்தினார். எல்லோரும் ஓடினார்கள். அத்தை ஓடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என்மேல் போட்டு, என்னைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டாள். எனக்குக் கன்னத்தில் ஒன்று, கையில் ஒன்று. அவளைக் கொட்டியதற்குக் கணக்கே இல்லை.

பக்கத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்தார். தோட்டத்து லொறி பெக்டரிக்குப் போயிருந்தது. வர ஒரு மணி நேரமாகும் என்றார் கங்காணி. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும் காலம் அப்போது எங்கள் பக்கத்துக்கு வரவில்லை. பங்களாவில் வாகனம் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்பா தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினார். நான் பின்னால் ஓடினேன். மேட்டில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் திரும்பினால் முன்வாசல், இடப்பக்கம் திரும்பினால் பின்பக்கத்துக் குசினி. அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினார்.

அங்கே போயும் கதவைத் தட்டவில்லை. "அப்பு அண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டார். பங்களாச் சமையற்காரரை எல்லோரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம்.

"கொளவி கொட்டிருச்சுண்ணே. ஐயாகிட்ட சொல்லி ஒரு வாகனம் கெடைக்குமான்னு..."

"ஐயோ, மேனேஜர் ஐயா வெள்ளக்காரங்களுக்குப் பங்களாவோட கதைய சொல்லிக்கிட்டு இருக்காங்க. நடுவுல போனா ஏசுவாங்க. செத்த நில்லுங்க, முடிஞ்சதும் சொல்லிடுறேன்."

"சரிங்கண்ணே" என்றார் அப்பா.

அந்தச் சரியை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அப்பு ஒன்றும் ஈரமில்லாதவர் அல்ல. தண்ணீர் கொண்டுவந்தார், கொட்டிய இடத்தில் தேய்க்கத் தேசிக்காய் கொண்டுவந்தார், உள்ளே எட்டிப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்தார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். விறகுக் கொட்டிலில் கிடத்தியிருந்த அத்தையின் முகம் வீங்கி, கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் அழத் தொடங்கினேன்.

"பாக்காத. அங்கிட்டுப் போ" என்றார் அப்பா.

போனேன். கல் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். சுவர் முடிந்த இடத்தில் முன்பக்கம் வந்துவிட்டது.

யானைகள் இருந்தன. என்னைவிட உயரமாக இரண்டு. தும்பிக்கை நுனியில் ஆளுக்கொரு தாமரைப்பூ. காது மடிப்பைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்கள். தூணெல்லாம் கொடி, கொடியெல்லாம் கிளி. ஜாலிக்கு அப்பால் யாரோ இங்கிலீஷில் பேச, நாலைந்து பேர் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் நான் அத்தையை மறந்து சந்தோஷமாக இருந்தேன்.

வாசலில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் என் கன்னத்து வீக்கத்தைப் பார்த்துக் கிட்டே வந்து குனிந்தார்.

"மொகத நங்கி?"

என்ன தங்கச்சி, என்ன விஷயம் என்று கேட்கிறார். எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுதான். முன்வாசலுக்கு வந்ததற்குத் திட்டப்போகிறாரோ என்று பயந்து, வாயில் வந்த சொல்லைச் சொன்னேன்.

"நிக்கங்."

சும்மா என்று அர்த்தம். அவர் சிரித்து, சட்டைப் பையிலிருந்து ஒரு டொபி மிட்டாய் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கண்ணாடி துடைக்கப் போனார்.

நான் திரும்பி வந்தபோது அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். அத்தையின் காதருகே உட்கார்ந்து, "அத்தை, ஆனை நெசமாவே இருக்கு" என்றேன். அவள் விரல் அசைந்தது மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே கதை முடிந்தது. மேனேஜர் ஐயா கேள்விப்பட்டதும் பதறி ஓடிவந்தார். அந்த வேனையே பின்பக்கம் கொண்டுவரச் சொன்னார். சீட்டில் பொலித்தீன் விரித்து அத்தையை ஏற்றினார்கள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அவள் மூச்சு நின்றுவிட்டது. அப்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அப்பா சிங்களத்திலேயே ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு, என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். வளைவில் நான் விழுந்துவிடாமல் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு வரிகளும் வெறும் சத்தமாகவே மனதில் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து சிங்களம் நன்றாகப் பழகிய பிறகுதான், ஒருநாள் துணியை மடித்துக்கொண்டு இருக்கும்போது தாமாகவே விளங்கின.

டிரைவர் சொன்னது: "இந்தப் பிள்ளை முன்னால வந்து நின்னுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே போயிருக்கலாமே."

அப்பா சொன்னது: "பின்பக்கம் போனது நான்தான்."