துலாபாரத்தில் மூன்று கிலோ

பாலக்காட்டுப் பக்கம், நல்லேப்பிள்ளியிலிருந்து சித்தூர் போகிற வழியில் ஓர் எடைமேடை இருக்கிறது. நெல் லாரி, கரும்பு லாரி, செங்கல் லாரி என்று எது வந்தாலும் அதில் ஏறி நின்றுவிட்டுத்தான் போகும். அது என்னுடையது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் சொந்தக் கையால் உண்டாக்கியது. நான் கொடுத்த சீட்டில் பத்துக் கிலோ பிசகு என்று இன்றுவரை ஒருத்தனும் வந்து நின்றதில்லை. எடையில் என்னை ஏமாற்ற ஆள் கிடையாது. ஏனென்றால் எடையில் ஊரையே ஏமாற்றியவன் நான். அதுவும் பத்து வயதில்.

எல்லாம் சயின்ஸ் வாத்தியாரால் வந்தது. எழுபதுகளில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்தவர். வந்த மனிதர் புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டுப் போகக்கூடாதா? கல்லை நூலில் கட்டித் தண்ணீரில் முக்குவார். வழிந்த தண்ணீரை அளந்து, இதுதான் கல்லின் கன அளவு என்பார். நிறை வேறு, எடை வேறு என்பார். நிலாவுக்குப் போனால் எடை ஆறில் ஒரு பங்காகிவிடும், நிறை அப்படியே இருக்கும் என்பார். பாலக்காட்டுக்குப் போகவே ஒரு மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்கிற ஊரில் நிலாவுக்கு எவன் போகிறான்? எனக்கு அன்றைக்கே எரிச்சல். இன்றைக்கும் தீரவில்லை. என் மேடையில் ஏறுகிற லாரிக்காரன் ஒருத்தனாவது நிறை எவ்வளவு, எடை எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டிருப்பானா?

அதோடு விட்டாரா என்றால், இல்லை. ஒரு நாள் எங்களை வரிசையாக நெல் மில்லுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றினார். வகுப்பிலேயே அதிகம் பெரியப்பா மகன், இருபத்தெட்டுக் கிலோ. வகுப்பிலேயே குறைவு நான், இருபத்தொன்று.

"சார், வர்ற ஞாயித்துக்கெழமை பகவதி கோயில்ல இவனுக்குத் துலாபாரமுங்க" என்றான் பெரியப்பா மகன், மில்லின் இரைச்சலையும் மீறி. "அந்தப் பக்கம் ரெண்டு அச்சு வெல்லம் வெச்சாப் போதும், இவன் மேல போயி உத்தரத்துல முட்டிக்குவானுங்க."

வாத்தியாரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

துலாபாரம் அம்மா நேர்ந்துகொண்டது. மூன்று வயதில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவன் எடைக்கு எடை வெல்லம் வைப்பதாகச் சொல்லியிருந்தாள். அப்பா ஏழு வருடம் தள்ளிப்போட்டார். தள்ளிப்போடப் போட நானும் கனத்துக்கொண்டே போவேன் என்பது மெதுவாகத்தான் அவருக்கு உறைத்தது.

வெல்லம் வாங்குவதிலும் கூத்துதான். கோயிலுக்கு எதிரிலேயே பெரியப்பாவின் கரும்பாலை. பாகு காய்கிற வாசனை சன்னிதி வரைக்கும் வரும். ஆனால் வாய்க்கால் தண்ணீரை யார் முதலில் திருப்புவது என்கிற சண்டையில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. ஆகவே அப்பா பஸ் ஏறிச் சித்தூருக்குப் போய், இருபத்திரண்டு கிலோ சுமந்துகொண்டு வந்தார்.

"ஸ்கூல்ல இருபத்தொண்ணுன்னு நிறுத்தாங்கல்ல? ஒரு கிலோ பகவதிக்குக் கூடவே இருக்கட்டும்" என்றார், ஏதோ பெரிய தாராளம் செய்துவிட்டதைப் போல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், சயின்ஸ் பாடம் முடிந்ததும் இரும்பு எடைக்கற்களைத் தகரப்பெட்டியில் எடுத்து வைக்கிற முறை என்னுடையது. இரண்டு கிலோ கல் ஒன்றும் ஒரு கிலோ கல் ஒன்றும் பெட்டிக்குள் போகாமல் என் பைக்குள் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டையும் துண்டில் சுற்றி, அரைஞாண் கயிற்றோடு சேர்த்து வயிற்றில் கட்டி, மேலே வேட்டியைச் சுற்றிக்கொண்டேன். கால்சட்டை வேண்டாம், வேட்டிதான் வேண்டும் என்று நான் கேட்டதில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். கோயில் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

தராசின் ஒரு தட்டில் என்னை உட்கார வைத்தார்கள். தட்டு தரையில் போய் இடித்தது. மற்றத் தட்டில் வெல்லம் ஏறிக்கொண்டே இருந்தது. பத்து, பதினைந்து, இருபது. கடைசி அச்சையும் வைத்தார்கள். நான் அசையவில்லை. கூட்டத்தில் பெரியப்பா மகன் வாயைப் பிளந்தபடி நின்றான். அந்த வாயைப் பார்க்கத்தான் இத்தனை பாடு.

சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஏண்டா, இருபத்தொண்ணுன்னு சொன்னியேடா!" என்று அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார். "இல்லீன்னா அந்தச் சித்தூர்க்காரன் நிறுவையில கைய வெச்சுட்டான். நாளைக்கே போயி அவன..."

"உச்சபூஜைக்குச் சமயமாயி" என்று பூசாரி மலையாளத்தில் அவசரப்படுத்தினார்.

யாரோ வாழைப்பழம் வைக்கலாம் என்றார்கள். வெல்லம் என்று நேர்ந்தது வெல்லமாகத்தான் இருக்க வேண்டும் என்று, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவளான அத்தை தீர்த்துச் சொல்லிவிட்டாள். தட்டில் உட்கார்ந்தவனைச் சமமாகாமல் இறக்கவும் கூடாது.

"எதுக்கால உங்கண்ணன் ஆலையில வெல்லம் குமிஞ்சு கெடக்குது. போயிக் கேளுடா" என்றாள் அத்தை.

"நானா? அந்த வாசல நானு மிதிக்கறதா?"

"பின்ன நானா? நான் போனா, அவன் வந்து கேக்கட்டும்ன்னு திருப்பி அனுப்பிப்போடுவான்."

அம்மா சத்தம் போடவில்லை. "பாதியில எறக்குனாப் புள்ளைக்கு ஆகாதுங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கண் என்மேலேயே இருந்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். பிறகு யாரையோ திட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போனார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரும்பு வயிற்றில் குத்திக் குத்திக் கால்கூட மரத்துவிட்டது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டிருந்தானே! பத்து வயதுப் புத்தியை என்ன சொல்ல.

ஆலைக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்கள். பெரியப்பா தலையில் கூடை, இடுப்பில் பாகு சிந்திய வேட்டி. அப்பா கையை வீசிக்கொண்டு பக்கத்தில் வந்தார், முகம் மட்டும் சிவந்திருந்தது.

"ஊட்டு வெல்லம் இங்க இருக்கறப்பச் சித்தூருக்கு பஸ் ஏறுனானாக்கும் தொரை!" என்று பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கூடையை இறக்கினார். ஒவ்வொரு அச்சாக அவரே வைத்தார். மூன்றாவதோ நான்காவதோ வைத்தபோது என் தட்டு தரையைவிட்டு எழும்பியது. பெண்கள் குலவையிட்டார்கள். இருபத்துநாலு கிலோ!

அம்மாதான் என்னைத் தூக்கி இறக்கினாள். வேட்டி நழுவப் பார்த்தது. இடுப்பில் கை வைத்து முடிச்சை இறுக்கினாள். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை, இன்னும் பலமாக இறுக்கினாள்.

மத்தியானம் பெரியப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். நாலு வருடம் கழித்து. இரண்டாம் சோறு போடும்போது, "பாத்தாப் பையன் அத்தன கனமாத் தெரியிலயேம்மா" என்றார்.

"எலும்பு கனமுங்க மாமா" என்றாள் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். எனக்கு நெஞ்சு பூரித்துப்போனது. அம்மாவைக்கூட ஏமாற்றிவிட்டேன்!

கற்களை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் தேடினால் அங்கே இல்லை. பதறிப்போய் வீட்டுக்குள் ஓடினேன். இரண்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து, பளபளவென்று என் பள்ளிக்கூடப் பைக்குள் இருந்தன. அடுப்பருகே நின்ற அம்மா, "வாத்தியாரு தேடுறதுக்கு முன்னால வெச்சுரு" என்றாள். அவ்வளவுதான்.

இட்லி மாவை நாய் நக்கியதற்கே என்னை விளக்குமாற்றால் வெளுத்தவள் அவள். முதுகை விறைத்துக்கொண்டு நின்றேன். ஓர் அடிகூட விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. அதற்கடுத்த நாள் வயலுக்குத் தண்ணீர் திருப்ப அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாக வாய்க்காலுக்குப் போனார்கள். அவர்களுக்கு அம்மா தூக்குப்போசியில் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

துலாபார அலைச்சலில் என்னை அடிக்க மறந்துவிட்டாள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.