ரொட்டி ஒத்துக்கொள்ளாத சின்ராசு அண்ணன்

இன்று திருச்செங்கோடு பஸ்ஸில் சின்ராசு அண்ணனைப் பார்த்தேன். எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரே லாரியில் டிரைவர்கள்.

வடக்கே லோடு போகும்போது, நாக்பூர் தாண்டி ரொட்டி சாப்பிட ஆரம்பித்ததும் அண்ணனுக்கு வயிற்றால் போகும். ஆளே துவண்டுவிடுவார். தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். ரோட்டோரமாக ஸ்டவ் பற்றவைத்து நான் சோறாக்கிக் கொடுப்பேன். ரசம் ஊற்றிச் சாப்பிட்டுத் தேறிவிடுவார்.

“கோதுமையே எனக்கு ஆகாதுன்னு டாக்டர் இப்பத்தான் கண்டுபுடிச்சாரு. அன்னைக்கு நீ ஆக்கிப்போட்ட சோறுதான் சாமி என்னய ஊடு சேத்துச்சு” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்கு இப்பச் சர்க்கரைங்கண்ணா. தினமும் சப்பாத்திதானுங்க” என்றேன்.

“அப்ப ஒரு நா எங்கூட்டுக்கு வா. சுடச்சுடச் சோறு போடறேன்.”

போகட்டுமா? என் மனைவியும் இதைப் படிப்பார், பார்த்துப் பதில் சொல்லுங்கள்.