குடிலில் இருந்த வைக்கோல்

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. போன டிசம்பரில் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைத்தேன். யாருக்காவது ஒரு நல்லது செய்தால், இயேசு பிறந்த மாட்டுத்தொழுவம் போல வகுப்பில் அமைத்த குடிலின் தீவனத் தொட்டியில் ஒரு வைக்கோல் துரும்பு போடலாம். கிறிஸ்துமஸுக்குள் குழந்தை இயேசுவுக்கு மெத்தை தயாராகிவிடும். எல்லாம் விவசாய வீட்டுப் பிள்ளைகள், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நல்லது செய்யாமல் ஒருவரும் போட்டதில்லை.

விடுமுறைக்கு முன் வகுப்புகளுக்கிடையே குடில் போட்டி நடந்தது. பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தபோது, கறுத்துப்போன அந்த வைக்கோல் என் கண்ணை உறுத்தியது. அள்ளி வெளியே கொட்டினேன். வெள்ளைப் பஞ்சைப் பரப்பி, சீரியல் லைட் சுற்றினேன். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

அறிவித்தபோது கைதட்ட என் வகுப்பில் ஆளே இல்லை. தேடிப் போனேன். குப்பைமேட்டில் குனிந்து வைக்கோல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கப்பு குடுக்கறாங்க, வாங்க எல்லாரும்."

தேன்மொழி நிமிர்ந்தாள். "இருங்க மிஸ். தம்பிய அடிக்காம வுட்டதுக்கு நான் போட்டது இதுலதாங்க இருக்குது."

"எது உன்னுதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரியாதுங்க. அதான் எல்லாத்தையும் எடுக்கறோம்."

நானும் குனிந்தேன். வகுப்புக்குத் திரும்பி, பஞ்சை எடுத்துவிட்டு, பொறுக்கியதைத் தொட்டியில் பரப்பினோம். கடைசியில் தேன்மொழி ஒரு வைக்கோலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்க மிஸ். எங்ககூட பொறுக்குனீங்கல்ல."

நானே கொட்டியதைத்தான் பொறுக்கினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிப் போட்டேன். அந்த மாதம் முழுக்க அந்தத் தொட்டியில் நான் போட்ட முதல் வைக்கோல் அதுதான்.