இரண்டு மடங்கு பேஸ்ட்

எட்டாவதோடு படிப்பை விட்டபின் நான் பார்த்த ஏழெட்டு வேலைகளில் கடலூர் துறைமுகத்துப் படகு இன்ஜின் வேலையும் ஒன்று. அது 2007. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள். ஒரு விசைப்படகின் இன்ஜினைத் தூக்கிக் கட்டி, அடியிலிருக்கும் ஆயில் தொட்டியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இணைப்பில் ஒழுகாமலிருக்கச் சிவப்பு பேஸ்டை நூல் போல இழுக்க வேண்டும். ஒரு நாள் காய வேண்டும். பிறகுதான் ஆயில்.

"ராகு காலத்துக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடணும். பொம்பளைங்க கற்பூரத்தோட நிக்கிறாங்க பாரு," என்றார் படகுக்காரர்.

"காயணுமே மாமா?"

"நீ என்னா அப்பளமா போடற? ஊத்துடா!"

காயாததற்கு ஈடாக இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு பிதுக்கினேன். அவருடைய மச்சினன் பண்ருட்டியிலிருந்து வாங்கி வந்த ஆயிலை ஊற்றினோம். இன்ஜின் உடனே பிடித்தது. தேங்காய் உடைத்தார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. இன்ஜின் இறுகிப் போயிருந்தது. தொட்டியைக் கழற்றியதும் நான்தான். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் பிய்ந்துபோய், ஆயில் ஏறும் வலையை அடைத்திருந்தது. ஆயில் ஏறாமல்தான் இன்ஜின் இறுகியிருக்கிறது. மண்புழு போல ஒரு துண்டு. எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

மேலே படகுக்காரர் மச்சினனைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். "டூப்ளிகேட் ஆயில வாங்கியாந்து இன்ஜினக் கொன்னுட்டியேடா! இனிமே என் வாசப்படி மிதிக்காத."

அவன் என்னிடம் குனிந்தான். "ஆயில் எப்படி இருக்கு? நீயே சொல்லு மச்சான்."

"கருப்பா இருக்கு," என்றேன். டீசல் இன்ஜினில் ஊற்றிய எந்த ஆயிலும் இரண்டு நாளில் கருப்பாகும். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்த ஊரைவிட்டே போய்விட்டேன்.

2011இல் சிதம்பரத்தில் ஒரு பட்டறையில் இருந்தபோது அந்த மச்சினன் டீசல் ஆட்டோவோடு வந்தான். அடியில் ஆயில் ஒழுகியது. அக்கா வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

"எங்க போறது? அக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி சுத்துனாங்க, தாய்மாமன் சீரே இல்லாம. அவர குத்தம் சொல்ல மாட்டேன் மச்சான். அந்த ஆயில் கடைக்காரன நம்புனேன் பாரு, என்ன சொல்லணும்."

பேஸ்டை மெல்லிசாக இழுத்தேன். "நாளைக்கு வா. காயணும்."

"அன்னிக்கும் நீ இதத்தான் சொன்ன. அவருதான் கேக்கல," என்றான்.

மறுநாள் அந்தப் பேஸ்ட் துண்டைப் பற்றி அவனிடம் சொல்லிவிடுவது என்றிருந்தேன். வந்தவன் வண்டிக்கடியில் குனிந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை.

"உன் கை நல்ல கை மச்சான்," என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.