நாற்பத்தொன்றாம் எண் மூளை

“உன் மெஷின் எந்த ரெண்டு பேரைத் தப்பாச் சொல்லிச்சு?” என்று கேட்டார் இயா முத்தியு. முத்தியுவின் அம்மா என்று பொருள்; அப்படித்தான் எல்லாரும் அவரை அழைப்போம்.

“நாற்பத்தொண்ணும் அறுபத்தாறும்” என்றேன். எனக்கு அந்த மூளைகள் எண்களாக மட்டுமே தெரியும்.

“நாற்பத்தொண்ணுக்கு என்ன சொல்லிச்சு?”

“அல்சைமர் இல்லையாம்.”

சிரித்துவிட்டார். “பேரைச் சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் சொந்தப் பொண்டாட்டியையே திருடின்னு கத்தினவர். அறுபத்தாறு?”

“நோய் முத்திப்போச்சாம்.”

“அந்த டீச்சரம்மாவா? சாகுற வரைக்கும் என் பிள்ளைங்க பிறந்தநாளைச் சரியாச் சொன்னவங்க! அபேக்கே, உன் மெஷினுக்குக் கொஞ்சம் ஆமலாக் களி ஊட்டு. பசியில உளறுது.”

பிறகு குரல் மாறியது. “நாற்பத்தொண்ணு எங்காளு, முஸ்லிம். விடியக்காலைல போனார், மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னாடி அடக்கம். ரெண்டே மணி நேரத்துல மூளையை எடுத்து உறைய வெச்சாச்சு. டீச்சரம்மா கிறிஸ்டியன். லண்டன் மகன் வந்து கையெழுத்துப் போட மூணு நாள் ஆச்சு. உன் மெஷின் நோயைப் பாக்கலைடி. உடம்பு எத்தனை நேரம் கிடந்ததுன்னுதான் பாக்குது.”

நைஜீரியாவின் இபாடானில் எங்கள் மூளைச் சேமிப்பகத்தில் அவர் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்க்கிறார். சாவு விழுந்த வீட்டுக்குப் போய், மூளையைத் தருவீர்களா என்று கேட்பது அவர் வேலை. அப்படிக் கிடைக்கும் மூளைகளின் துணுக்குகளில் எந்த மரபணு சுறுசுறுப்பாக இருந்தது, எது அடங்கியிருந்தது என்று கணினிக்குக் காட்டி, நோயை அடையாளம் காணப் பழக்குவது என் வேலை. சோதனைக்கு வைத்த ஐம்பது மூளைகளில் நாற்பத்தெட்டைச் சரியாகச் சொன்னது. ஆய்வுக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு நாங்கள் கொண்டாடினோம்.

ஆனால் இறந்தபின் மணிக்கு மணி அந்தச் சுறுசுறுப்பு மாறிவிடும். அந்த நேரங்கள் இயா முத்தியுவின் நோட்டில் இருந்தன, நான் கேட்டதேயில்லை. அன்றே ஒப்பிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. சீக்கிரம் உறைந்தவை பெரும்பாலும் நோயில்லாத முஸ்லிம்களுடையவை; தாமதமாக உறைந்தவை பெரும்பாலும் நோயுற்ற கிறிஸ்தவர்களுடையவை. நோயாளியை வருடக்கணக்கில் பார்த்துக் களைத்த முஸ்லிம் குடும்பங்களோ, இனியாவது உடம்பு முழுசாகப் போகட்டும் என்று மறுத்துவிடும். நாற்பத்தொன்று அபூர்வமாகக் கிடைத்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். எங்கள் பேராசிரியர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதைவிட இயா முத்தியுவின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. லாரி ஓட்டி நாடு முழுக்கச் சுற்றிய அவர் கணவருக்கு இப்போது குளியலறைக்கு வழி தெரியவில்லை. “மருந்துக்கு வழி ஏதாவது தெரியுதா?” என்று வாரம் தவறாமல் என்னைக் கேட்டவர், அந்த நம்பிக்கையைத் தானே உடைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மூளை தானப் படிவத்தோடு வந்தார். புத்தி தெளிவாக இருந்தபோதே கணவர் கையெழுத்திட்டிருந்தார். குடும்பத்தினர் கையெழுத்துக்கான இடம் நான்கு வருடமாகக் காலியாக இருந்தது. என் மேசையில் குனிந்து அதில் கையெழுத்துப் போட்டார்.

“சீக்கிரம் உறைஞ்ச நோயாளி மூளை வேணும்ல? எழுதிக் குடுத்துட்டேன். ஆனா அவர் போற அன்னிக்கு மாட்டேன்னுதான் சொல்லுவேன். எல்லாரும் அப்படித்தான், எனக்குத் தெரியும். நீ வாய் திறக்காத பொண்ணு. அன்னிக்கு மட்டும், நான் எவ்வளவு திட்டினாலும் போயிடாதே. அவரை அடக்கத்துக்குத் தூக்குறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை என்னைக் கேளு.”