வெறுங்காலோடு பாலம் தாண்டிய பாபெட்

எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலை. அண்ணன் கம்பெனி ஷூவா, தம்பி கம்பெனி ஷூவா என்று தெரிந்த பிறகுதான் வணக்கம் சொல்வதா, கண்டும் காணாமல் போவதா என்று முடிவு செய்வோம். பக்கத்துப் பெரிய நகரமான நியூரம்பெர்க்கிலிருந்து வருகிறவன் இதைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். அவன் பந்து உதைப்பதும் எங்கள் ஊர் ஷூவைப் போட்டுக்கொண்டுதான்.

இரண்டு கம்பெனியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேருடையது. போர் முடிந்த சூட்டோடு அவர்கள் ஏன் அடித்துக்கொண்டு பிரிந்தார்கள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். எதையும் நம்ப வேண்டாம். பிரிந்தது அவர்கள், பாடுபட்டது நாங்கள். ஒரே பட்டறையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவர்கள், யார் பக்கம் என்று ஒரே வாரத்தில் சொல்லியாக வேண்டியிருந்தது.

தோல் வெட்டும் யோப்ஸ்ட் டெங்லர் அண்ணன் பக்கம் நின்றார். அண்ணன் கம்பெனி ஆற்றுக்கு அந்தக் கரையில் எழுந்தது. யோப்ஸ்டின் வீடும் அங்கேதான். அவருடைய ஒரே மகள் பாபெட், ஷூவின் மேல்தோல் தைக்கிறவள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து ஒரே மிஷினில் உட்கார்ந்தவள். பழைய பட்டறை இந்தக் கரையில் தம்பிக்குப் போனது, அவள் அந்த மிஷினை விட்டு நகரவில்லை.

"தம்பிகிட்ட அப்படி என்னடி கண்ட?" என்று கேட்டார் யோப்ஸ்ட்.

"அவருகிட்ட ஒண்ணும் காணலப்பா. என் மிஷின் இங்க இருக்கு. அது என் கைக்குப் பழகிடுச்சு."

தன் வெட்டுக்கத்தியை இன்னொருவன் தொட்டால் குதிக்கிற மனிதருக்கு இது புரிந்திருக்க வேண்டும். புரிந்தும் இருக்கும். ஆனால் யோப்ஸ்டின் வீம்பு ஊரறிந்தது.

"அப்ப அந்த மிஷினையே அப்பான்னு கூப்பிட்டுக்க" என்றார்.

பாபெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கு வந்து, பக்கத்து மிஷின் லோனியோடு ஓர் அறையில் தங்கினாள். தாய் முன்பே கண்ணை மூடிவிட்டாள். சமாதானம் பேச வீட்டில் வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் அப்பாவும் மகளும் எதிரெதிரே வருவார்கள். அவருடைய பார்வை அவள் ஷூ வரைக்கும் வரும், அங்கேயே நின்று திரும்பிவிடும். எந்தக் கம்பெனியும் இல்லாத ஒரு சந்தைச் செருப்பை மாட்டிக்கொண்டு போயேன் என்று லோனி சொன்னாள். பாபெட் கேட்கவில்லை. அவளும் டெங்லர் வீட்டுப் பெண்தானே!

நாலு வருஷம் இப்படியே போனது. பாபெட்டுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லோரன்ஸ், அதே தம்பி கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுகிற நல்ல பையன். மாமனாரை அழைக்கப் பாலம் தாண்டிப் போனான். யோப்ஸ்ட் கதவைத் திறந்தார், அவன் காலைப் பார்த்தார், கதவைச் சாத்தினார்.

"அவர் வரலைன்னா எனக்கு இது பாதிக் கல்யாணம்தான்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க அழுதாள் பாபெட். மறுநாள் வேலைக்குப் போனாள். அவள் அப்படித்தான்.

அக்டோபரில் கல்யாணம். யோப்ஸ்ட் வரவில்லை. விருந்துக்கு வறுத்த கெண்டை மீன், உருளைக்கிழங்கு உருண்டை, பீப்பாய் பீப்பாயாகப் பீர். பாபெட்டின் காலில், தையல்காரிகள் சேர்ந்து துண்டுத் தோலில் தைத்துக் கொடுத்த வெள்ளை ஷூ. பக்கவாட்டில் வெள்ளை நூலால் கம்பெனி அடையாளம் வேறு போட்டிருந்தார்கள், குறும்புக்காரிகள். சாப்பாட்டின் நடுவே மேசைக்கு அடியில் நுழைந்து ஒரு ஷூவை உருவிக்கொண்டு ஓடினாள் லோனி. இது எங்கள் வழக்கம்தான். திருடினவர்கள் அதை ஏதாவது ஒரு பீர்க்கடையில் கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். மாப்பிள்ளை போய் அங்கிருக்கிறவர்களுக்கெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்து மீட்டு வர வேண்டும். அதுவரை மணப்பெண் ஆடக்கூடாது.

லோனி மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"ஷூ வால்பர்கா கடையில இருக்கு."

அக்கார்டியன்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். வால்பர்கா கடை அக்கரையில், அண்ணன் கம்பெனி ஆட்கள் குடிக்கிற இடம். யோப்ஸ்ட் சாயங்காலமானால் அங்கேதான் இருப்பார்.

"உனக்கென்ன கிறுக்காடி?" என்றாள் பாபெட்.

"ஆமா, கிறுக்குதான். இப்ப என்னங்கற?"

லோரன்ஸ் முகம் வெளுத்துப்போய் எழுந்தான். "நான் போறேன். நாலு மொத்து மொத்துனா வாங்கிக்கிறேன்."

"உன்னை மொத்திட்டா அப்புறம் அவர் ஜென்மத்துக்கும் வரமாட்டாரு. நீ உக்காரு. நான் போறேன்."

ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டு எப்படிப் போவது? அதையும் கழற்றினாள். காலுறை லோனியிடம் இரவல் வாங்கியது, கிழிந்தால் வம்பு, அதையும் கழற்றினாள். பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளிர்ந்த கல் பாலத்தில் கிட்டத்தட்ட ஓடினாள்.

வால்பர்கா கடைக் கதவு திறந்ததும் உள்ளே இருந்த தலைகளெல்லாம் வழக்கம்போலக் குனிந்தன. குனிந்த தலைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிவந்துபோன, ஈர மண் ஒட்டிய இரண்டு வெறுங்கால். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. வணக்கம் சொல்வதா, முறைப்பதா என்று தெரியாமல் ஒருவர் தொப்பியைப் பாதி தூக்கிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

லோனி ஷூவை வைத்துவிட்டுப் போன மூலை மேசையில் யோப்ஸ்டும் குனிந்துதான் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லாததால் பார்வை மேலே ஏறியது. பாவாடை ஓரம், அதைப் பிடித்த கை, அப்புறம் முகம். நாலு வருஷம் கழித்து மகளின் முகத்தைப் பார்த்தார். அது அவருடைய மனைவியின் முகம் மாதிரி ஆகியிருந்தது.

"ஷூ எங்க?" என்றார்.

"ஒண்ணு உங்க மேசை மேல இருக்குப்பா."

அவர் அதை எடுத்து விளக்குப் பக்கம் திருப்பினார். கம்பெனி அடையாளத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு தையலைப் பார்த்தார்.

"இந்த ஓரம் யாரு தச்சது?"

"லோனி."

"அதானே பாத்தேன். ஓரம் கோணிக்கிட்டுப் போகுது. உன் கையா இருந்தா இப்படி வராது."

பாபெட்டுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதாள்.

"வாங்கப்பா. மீன் ஆறிடும்."

யோப்ஸ்ட் தன் காலைப் பார்த்தார். கடையே அவர் காலைத்தான் பார்த்தது. முனகிக்கொண்டே குனிந்து நாடாவை அவிழ்த்தார். ஷூவைக் கழற்றினார், காலுறையை உருவினார், இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார்.

"யோப்ஸ்ட், அக்டோபர் மாசம்யா. சளி பிடிச்சுக்கும்" என்றாள் கடைக்கார வால்பர்கா.

"இதைப் போட்டுக்கிட்டு அங்க போகமாட்டேன். அவனுங்க ஷூவை என் கால்ல மாட்டவும் மாட்டேன். வெறுங்காலுக்கு எந்த முதலாளி வந்து என்ன கேக்கப் போறான்?"

ஒற்றை வெள்ளை ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மகளோடு வெளியே வந்தார். பாலம் நெடுக வாய் ஓயவில்லை. இந்தக் கல்லை எவன் பதித்தது, கூர் கூராக நிற்கிறதே. மெதுவாகப் போடி, என்ன ஓட்டம். மாப்பிள்ளைப் பையன் அடிப்பாகமாவது ஒழுங்காக ஒட்டுவானா. மீனுக்குக் காரமாகத் தொட்டுக்கொள்ளக் குதிரைமுள்ளங்கி அரைத்து வைத்தார்களா இல்லையா. பாபெட் எல்லாவற்றுக்கும் "ஆமாப்பா, ஆமாப்பா" என்றாள். கால் விறைத்துப் போயிருந்தது. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.